மனமொத்துப் பிரிந்தோம் என்று எழுதிய காகிதம்

இலங்கையின் கிழக்கே எங்கள் ஊர்ப்பக்கத்தில் விவாகரத்து என்ற சொல்லை யாரும் உரத்துச் சொல்வதில்லை. "பேசித் தீர்த்தாச்சு" என்பார்கள். என்னுடைய விடயத்தையும் அப்படித்தான் பேசித் தீர்த்தார்கள். அந்தத் தீர்வை உண்மையான விவாகரத்தாக மாற்றுவதற்கு எனக்கு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளும், ஆசிரியச் சம்பளத்தில் சேர்த்து வைத்த பணம் முழுவதும், அதற்கு மேல் கூட்டுறவுச் சங்கத்தில் எடுத்த கடனும் செலவாகின. அந்த நாட்களில் சட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து "இந்தக் காகிதத்தில் கையெழுத்து வைக்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இவற்றில் பாதி நடந்திருக்காது என்பதனால் இதனை எழுதுகிறேன்.

எனக்குத் திருமணம் 2012இல் நடந்தது. என் கணவருடைய ஊர் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் பக்கம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையாக எங்கள் வீட்டுக்கே வந்தார். மட்டக்களப்புப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கல்யாணப் பேச்சே தொடங்கும் என்பதைப் படிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அப்பா தன்னுடைய சேமலாப நிதியை எடுத்து அந்த வீட்டைக் கட்டினார். வீட்டுக்கு உறுதி (சொத்துப் பத்திரம்) எழுதும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் "இரண்டு பேருடைய பேரிலும் எழுதினால்தான் பிள்ளைக்கு மரியாதை" என்றார்கள். அப்பா மறுத்துப் பேசவில்லை. பாதிப் பங்கு அவர் பேருக்குப் போனது. அந்தப் பாதிக்கு என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2018 பெப்ரவரியில் அவர் கொழும்பில் வேலை என்று போனவர், திரும்பி வரவில்லை. முதலில் வாரத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு இருந்தது, பிறகு அதுவும் நின்றது. மகனுக்கு அப்போது நான்கு வயது. ஆறு மாதம் கழித்து இரு பக்கத்துப் பெரியவர்களும் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடினார்கள். அவரும் வந்திருந்தார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. காகிதத்தை முன்கூட்டியே தட்டச்சு செய்து கொண்டு வந்திருந்தார்கள். "நாம் இருவரும் மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர் மீது ஒருவர் எவ்வித உரிமையும் கோரமாட்டோம், பிள்ளையின் செலவுக்கு மாதம் 15,000 ரூபாய் தரப்படும்" என்பது அதன் சாரம். மேசை ஆடியதனால் மகனுடைய கொப்பியை மடித்துக் காலுக்கு அடியில் வைத்தார்கள். முத்திரை ஒட்டி, அதன்மேல் இருவரும் கையொப்பமிட்டோம். கையொப்பங்களை உறுதிப்படுத்தும் சமாதான நீதவான் ஒருவர் ஊதா நிறத்தில் தன்னுடைய இறப்பர் முத்திரையை அழுத்தினார். போக்குவரத்து, தட்டச்சு, சாப்பாடு எல்லாமாக அப்பாவுக்கு 12,000 ரூபாய் போனது. அன்று இரவு நான் அழவில்லை. ஒரு பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் ஏன் நம்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். என்னோடு அம்பாறையில் பயிற்சி பெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர், தானும் கணவரும் சம்மதித்து, மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பம் கொடுத்து, நீதிமன்றம் போகாமலே பிரிந்ததாக எனக்குச் சொல்லியிருந்தார். காத்தான்குடியில் இருந்து வரும் என் சக ஆசிரியையின் சகோதரி காதி நீதிமன்றத்தில் தன் விடயத்தை முடித்திருந்தார். இரண்டும் உண்மை. ஆனால் முதலாமவர் 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் திருமணம் செய்தவர். அச்சட்டத்தில் இருவரின் சம்மதமே ஒரு காரணம். இரண்டாமவருக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். எங்களைப் போன்ற இந்துக்களும் கிறிஸ்தவர்களும் பொதுச் சட்டத்தின் கீழ், அதாவது 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறோம். எனக்குத் தெரிந்த வட்டத்துக்குள்ளேயே மூன்று பேருக்கு மூன்று சட்டம் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆகையால் அயலவருக்கு நடந்ததைக் கேட்டு உங்களுடைய காரியத்தைத் தீர்மானிக்காதீர்கள். உங்களுடைய விவாகச் சான்றிதழ் எந்தச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள்.

காகிதத்தின் பெறுமதி 2020 பெப்ரவரியில் தெரிந்தது. எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். விவாகப் பதிவாளரிடம் போய் அந்தக் காகிதத்தை நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்தார், வந்த மடிப்பிலேயே திரும்ப மடித்தார். "இத வச்சி என்னால ஒண்டும் ஏலா டீச்சர். கோட்டுத் தீர்ப்பு எங்க?" என்றார். சட்டப்படி நான் இன்னும் அவருடைய மனைவிதான் என்பதை அந்தச் சிறிய அறையில், எனக்குப் பின்னால் பிறப்புப் பதிவுக்கு வந்து நின்ற ஒரு குடும்பத்தின் முன்னால் அறிந்துகொண்டேன். சமாதான நீதவானின் முத்திரையோ, கோயில் தலைவரின் கையொப்பமோ, மத்தியஸ்த சபையில் எழுதும் இணக்கமோ ஒரு திருமணத்தை முடிக்காது. எங்களுக்குரிய பொதுச் சட்டத்தில் மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றே முடிக்கும். அந்தத் தீர்ப்பு இல்லாமல் இன்னொரு திருமணம் செய்தால் அது செல்லாது. அதற்கு மேல் அது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். அந்தப் பதிவாளர் கண்ணை மூடிக்கொண்டு பதிந்திருந்தால் நான் குற்றவாளியாக நின்றிருப்பேன். சம்பந்தம் வந்தவர் ஒன்றரை ஆண்டு பொறுத்தார், பிறகு வேறிடத்தில் முடித்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. ஜூனில்தான் ஒரு சட்டத்தரணியைப் பார்க்க முடிந்தது. அவர் கேட்ட 60,000 ரூபாயைப் பற்றுச்சீட்டு இல்லாமல், என்னென்ன வேலைகளுக்கு இந்தப் பணம் என்று ஒரு வரிகூட எழுதி வாங்காமல் கொடுத்தேன். வழக்கு 2021 ஜனவரியில்தான் தாக்கலானது. இடைப்பட்ட ஏழு மாதமும் "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்ற பதில்தான். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: கலந்தாலோசனைக்கு இவ்வளவு, வழக்குரை (வழக்கு மனு) தாக்கல் செய்யும்போது இவ்வளவு, வழக்கு கூப்பிடப்படும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று. வழக்கு இலக்கத்தை நீங்களே உங்கள் கொப்பியில் எழுதி வையுங்கள். இலக்கம் இல்லையென்றால் வழக்கும் இல்லை. இன்னொன்று, சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரச நிறுவனம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் நிலையங்கள் உள்ளன. வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் வழக்குப் பேசுவார்கள். சம்பளம் வாங்கும் ஆசிரியை என்பதால் எனக்கு முழு உதவி கிடைக்காமல் போயிருக்கலாம், ஆனால் ஓர் ஆலோசனையாவது கேட்டிருக்கலாம். அங்கே போனால் தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்கள் என்ற கூச்சத்தில் நான் அந்தப் படி ஏறவே இல்லை.

முதல் வழக்கு ஏன் தோற்றது என்பதுதான் இந்தக் கதையின் நடு. பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: திருமணத்தின் பின்னரான பிறர்மனை உறவு, வன்மமாகக் கைவிட்டுச் செல்லுதல், திருமணம் நடந்த வேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு அல்லது உடலுறவு இயலாமை. "ஒத்துவரவில்லை" என்பது காரணம் ஆகாது, "இருவரும் சம்மதிக்கிறோம்" என்பதும் காரணம் ஆகாது. அடி, உதை, சித்திரவதை ஆகியவைகூடத் தனியே ஒரு காரணமாக எழுதப்படவில்லை. அவற்றால் மற்றவர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால், வெளியேறியவரைக் கைவிட்டவர் அந்தக் கொடுமைக்காரரே என்று வாதிட இடமிருக்கிறது. ஆகவே யார் வாசலைத் தாண்டினார் என்பதைக் காட்டிலும் யாரால் குடும்பம் உடைந்தது என்பதே கேள்வி. என் விடயத்தில் அவர் கைவிட்டுப் போனார் என்பது வெளிப்படை. ஆனால் என் முதல் சட்டத்தரணி அந்தக் காகிதத்தையே ஆவணமாக இணைத்து வழக்குரையை எழுதியிருந்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுந்து, "மனமொத்துப் பிரிகிறோம் என்று வழக்காளியே எழுதிக் கொடுத்திருக்கிறார், சம்மதித்துப் பிரிந்தவரை எப்படிக் கைவிட்டவர் என்பது?" என்று கேட்டார். ஒரே ஒரு வரி. நான் விறாந்தையில் வைத்த கையொப்பம் என் பக்கத்துக் காரணத்தையே தின்றுவிட்டது. கணவருக்கும் விவாகரத்து வேண்டும்தான், ஆனாலும் எதிர்த்தார். அவருக்குத் தேவைப்பட்டது பாதி வீட்டுக்கு ஒரு விலை. 2021 நவம்பரில், மீண்டும் தாக்கல் செய்யும் உரிமையோடு அந்த வழக்கை வாபஸ் பெற்றோம்.

இதற்குள் தாபரிப்பை, அதாவது பராமரிப்புச் செலவைப் பற்றிய ஒரு தவறு. காகிதத்தில் எழுதிய 15,000 ரூபாய் நான்கு மாதம் வந்தது, பிறகு நின்றது. நான் கேட்கவில்லை. "எவ்வித உரிமையும் கோரமாட்டோம்" என்று எழுதிவிட்டோமே, கேட்டால் விவாகரத்து கெட்டுவிடும் என்றார்கள், நானும் அப்படியே நினைத்தேன். 2018 டிசம்பரில் இருந்து 2021 ஜூலை வரை 32 மாதம், கணக்குப் பார்த்தால் 4,80,000 ரூபாய், ஒரு சதமும் திரும்பி வரவில்லை. உண்மையில் 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிப்பதற்கும் மாவட்ட நீதிமன்றத்தின் விவாகரத்து வழக்குக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை. விவாகரத்து வழக்குத் தொடங்காமலே தாபரிப்புக் கேட்கலாம். தாய் உழைக்கிறாள் என்பதனால் தகப்பனின் கடமை மறைந்துவிடாது. பிள்ளைக்குரியதை தாய் விட்டுக்கொடுத்து எழுதுவதும் பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. 18 வயதைக் கடந்து 25 வயது வரையில் உள்ள பிள்ளைகளுக்கும், தங்களைத் தாங்களே பராமரிக்க இயலாத நிலையில், இச்சட்டம் வழி வைத்திருக்கிறது. நான் 2021 ஓகஸ்டில் விண்ணப்பித்தேன், மாதம் 12,000 ரூபாய்க்குக் கட்டளை கிடைத்தது. அவர் கொழும்புக் கொம்பனியில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே கேட்டிருந்தால் சம்பளத்திலேயே பிடித்திருக்கலாம். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அவர் கட்டாருக்குப் போய்விட்டார். நிலுவைக்கான பிடியாணை இன்றைக்கும் காகிதத்தில் இருக்கிறது. (அடி, மிரட்டல் இருக்கும் வீடுகளில் இதற்கு முன்னரே செய்ய வேண்டியது வேறு: 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அதே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்பது. எனக்கு அந்தத் தேவை வரவில்லை.)

இரண்டாவது சட்டத்தரணி ஒரு பெண். முதல் சந்திப்பிலேயே அவர் காகிதத்தைக் கேட்கவில்லை. "முதல் நாளில் இருந்து சொல்லுங்க மிஸ்" என்றார். நான் சொல்லச் சொல்ல ஒரு நீண்ட தாளில் திகதிகளை மட்டும் எழுதிக்கொண்டு வந்தார். அவர் போன நாள், கடைசி அழைப்பு, கடைசியாகப் பணம் வந்த நாள், மகனுக்குக் காய்ச்சல் வந்து வைத்தியசாலையில் இருந்தபோது நான் அனுப்பிய செய்தியும் அதற்குப் பதில் வராததும். அந்தத் தாளில் பிரிவு 2018 பெப்ரவரியிலும் காகிதம் ஓகஸ்டிலும் இருந்தன. "அவர் போய் ஆறு மாதத்துக்குப் பிறகுதான் நீங்கள் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள், கைவிடுதல் அதற்கு முன்னமே நடந்துவிட்டது" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நீங்களும் வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் முன் அப்படி ஒரு தாளை எழுதிக்கொண்டு போங்கள். கோபத்தை விட்டுவிட்டுத் திகதியை எழுதுங்கள். வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், வங்கிப் புத்தகத்தை வைத்திருங்கள், பொலிஸில் முறைப்பாடு செய்திருந்தால் அதன் பிரதியை எடுங்கள், விவாகச் சான்றிதழையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் பிரதேச செயலகத்தில் புதிதாகப் பெற்றுக்கொள்ளுங்கள். திருமணம் திருக்கோவிலில் நடந்தது, ஆகவே வழக்கும் அந்தப் பக்கம்தான் போட வேண்டும் என்று முன்பு ஒருவர் சொல்லியிருந்தார். அதுவும் பிழை. வழக்குப் போடுபவர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம்.

2022 மார்ச்சில் புதிய வழக்கு தாக்கலானது. எதிராளி நாட்டில் இல்லாதபோது அழைப்பாணையைச் சேர்ப்பிப்பது எவ்வளவு இழுபடும் என்பதை அதற்குப் பிறகு கண்டேன். கட்டாரில் அவர் இருந்த முகாம் மாறிவிட்டது என்று இரண்டு தடவை திரும்பி வந்தது. கடைசியில் நீதிமன்ற அனுமதியோடு அவருடைய தாயார் வீட்டுக் கதவில் ஒட்டினார்கள். மாமி அதைக் கிழிக்காமல் படம் எடுத்துத் தன் மகனுக்கு அனுப்பினார் என்று பிறகு அறிந்தேன். அவர் வரவில்லை, வழக்கு ஒருதலைப்பட்சமாக விசாரணைக்கு வந்தது. எதிராளி வரவில்லை என்றால் உடனே தீர்ப்புக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். காரணத்தை நீங்கள் நிரூபித்தே ஆக வேண்டும். இருவரும் கூடிப்பேசி நாடகம் நடத்துகிறார்களா என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். சாட்சிக் கூண்டில் நின்றபோது நீதிபதி அந்தக் காகிதத்தை எடுத்து, "இதில் ஏன் கையொப்பமிட்டீர்கள்?" என்று கேட்டார். சட்டத்தரணி எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார், அதை மறைக்கக் கூடாது, உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று. "இதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன்" என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை, எழுதிக்கொண்டார்.

2023 மார்ச்சில் கிடைத்தது இடைக்காலத் தீர்ப்பாணை. அதைக் கையில் வாங்கியதும் வீட்டில் பாயசம் வைத்துவிட்டார்கள். அதுவும் அவசரம். அது முற்றான தீர்ப்பாணையாக மாற ஆகக் குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும். அதுவரை நீங்கள் திருமணமானவர்தான். எனக்கு அது ஜூலையில் முற்றானது. பிள்ளை என் பொறுப்பில், தகப்பன் நாட்டுக்கு வரும்போது பார்க்கலாம் என்பது தீர்ப்பில் உள்ளது. பிள்ளை விடயத்தில் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை. அவன் எந்தப் பாடசாலையில் படிக்கிறான், யாருடன் உறங்கி எழும்புகிறான் என்பதை அமைதியாகச் சொன்னது எனக்கு உதவியது. சான்றுப்படுத்திய பிரதிகளை ஒன்றுக்கு மூன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். திணைக்களங்கள் ஒன்றை வாங்கிக்கொண்டு திருப்பித் தர மாட்டா.

இனி வீடு. எங்களுக்குத் தேசவழமைச் சட்டம் பொருந்தாது. அது யாழ்ப்பாணத்தவருக்கு உரியது, அங்கே மனைவி தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும். மட்டக்களப்புக்கு இருந்த முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு போய்விட்டது. 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்தின்படி பெண்ணின் பேரில் உள்ள சொத்து முழுக்க அவளுடையது. (யாழ்ப்பாணத்து ஆணை மணந்த பெண் மட்டும், மணவாழ்க்கை இருக்கும் வரையில் தேசவழமைக்குள் போகிறாள் என்பதை நினைவில் வையுங்கள்.) ஆகவே உறுதி என் பேரில் மட்டும் இருந்திருந்தால் பேச்சே இல்லை. பாதி அவர் பேரில் இருந்தது, விவாகரத்தினால் அது தானாகத் திரும்பி வராது. விவாகரத்தோடு சேர்த்துச் சொத்து ஏற்பாட்டுக் கட்டளையும் நீதிமன்றத்திடம் கேட்கலாம்; கேட்டால் வழக்கு நீளும் என்று சட்டத்தரணி எச்சரித்தார், களைத்துப் போயிருந்த நான் வேண்டாம் என்றேன். அது என் சொந்தத் தவறு, அவருடையது அன்று. வழக்குரையில் கேட்காததைப் பிறகு கேட்க முடியவில்லை.

தீர்ப்பு வந்த மறுமாதம் அவரிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு, ஐந்தாண்டுகளில் முதல் தடவையாக. பாதிக்கு 10,00,000 ரூபாய் கேட்டார். பேரம் பேசி 7,00,000இல் நின்றது. தூதரகத்தில் அற்றோனித் தத்துவம் (தன் சார்பில் கையொப்பமிடும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பினார், அவருடைய தம்பி வந்து நொத்தாரிசுக்கு முன்னால் கையொப்பமிட்டார். என் அப்பா கட்டிய வீட்டின் பாதியை நான் கடன் எடுத்து வாங்கினேன். உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிந்து, பதிவுப் பிரதியை எடுத்துப் பெயர் சரியாக மாறியிருக்கிறதா என்று நானே வாசித்துப் பார்த்தேன்.

இப்போது தங்கைக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். அவளுக்கென்று பக்கத்து வளவில் அத்திவாரம் போட்டாயிற்று. மாப்பிள்ளை பக்கத்தார் போன ஞாயிற்றுக்கிழமை வந்து, உறுதியை இரண்டு பேருடைய பேரிலும் எழுதினால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. என்னுடைய பதிவுப் பிரதியைக் கேட்டு வாங்கி, அவருடைய மேசையில் வைத்திருக்கிறார்.